ஒளியை முந்த முடியுமா? ஒரு கடிதக் கேள்வியும் நீளம் சுருங்கும் என்ற எண்ணமும்

1889ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜார்ஜ் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்டு, லண்டனில் வசித்துவந்த ஆலிவர் ஹெவிசைடுக்கு ஒரு கடிதம் எழுதினார். நகர்ந்துகொண்டிருக்கும் மின்னூட்டத்தைச் சுற்றி என்ன நிகழ்கிறது என்ற கணக்கை ஹெவிசைடு அப்போதுதான் தீர்த்து அச்சேற்றியிருந்தார். அதனூடே, மின்னூட்டத்தின் வேகம் ஒளியின் வேகத்தையும் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தார். அதே கேள்வியைத் தானும் பலமுறை தனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு என்றும், நிறைவான விடை ஏதும் கிடைக்கவில்லை என்றும் எழுதிய பிட்ஸ்ஜெரால்டு, அதற்குப் பதிலாக உடனே கேட்கத் தோன்றுவது ‘அப்படி நடக்கக் கூடுமா?’ என்பதுதான் என்று குறிப்பிட்டார். ஐன்ஸ்டைனுக்கு அப்போது 9 வயது.

வேகமாக நகரும் பொருள், நகரும் திசையில் நீளம் குறைகிறது என்பதை நீளக் குறுக்கம் என்கிறோம். ஐன்ஸ்டைனின் சார்பியல் பாடம் படிப்பவர்கள் இதை முதலில் சந்திக்கும்போது நம்ப மறுப்பது இயல்பு. பாடநூல்கள் இதன் வரலாற்றை ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன: மைக்கேல்சன், மோர்லி என்ற இருவர் செய்த சோதனை எதிர்பார்த்த விடையைத் தரவில்லை, அதைச் சமாளிக்க பிட்ஸ்ஜெரால்டும் லொரென்ஸும் ‘பொருள்கள் சுருங்குகின்றன’ என்று ஒரு ஒட்டுப்போட்டார்கள் என்று. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மேலே சொன்ன கடிதத்தையும் அதன் முன்னும் பின்னும் எழுதப்பட்ட கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த எண்ணம் மின்காந்தவியலுக்குள்ளிருந்தே முளைத்தது என்பது தெரிகிறது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணிதம் வேண்டியதில்லை.

முதலில் அந்த இருவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஹெவிசைடு 1850இல் லண்டனில் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறுவயதில் கண்ட செங்காய்ச்சலால் காது மந்தமாகிவிட்டது. 16 வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. தந்தி நிறுவனம் ஒன்றில் டென்மார்க்கிலும் நியூகாசிலிலும் தந்தியாளராக வேலை பார்த்து, 24 வயதில் அதையும் விட்டுவிட்டார். அதன்பின் வாழ்நாள் முழுதும் அவர் எந்த வேலைக்கும் போகவில்லை. பெற்றோருடன் ஓர் அறையில் அடைந்து கிடந்து, மேக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலைத் தாமே படித்துப் புரிந்துகொண்டு, ‘தி எலக்ட்ரீஷியன்’ என்ற வார இதழில் கட்டுரைகள் எழுதிவந்தார். இன்று மாணவர்கள் ‘மேக்ஸ்வெல் சமன்பாடுகள்’ என்று மனப்பாடம் செய்யும் நான்கு சமன்பாடுகளை அந்தச் சுருக்கமான வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மேக்ஸ்வெல் 1865இல் எழுதியபோது அவை இருபது சமன்பாடுகளாக இருந்தன.

பிட்ஸ்ஜெரால்டு எல்லாவகையிலும் எதிர்முனை. ஆயர் ஒருவரின் மகன், பேராசிரியர், மாநாடுகளுக்குப் போவதிலும் நண்பர்களோடு பேசுவதிலும் விருப்பமுள்ளவர். 1895இல் கல்லூரி மைதானத்தில் லிலியென்டாலின் இறகுப்பொறியை மாட்டிக்கொண்டு பறக்க முயன்றவர் என்பதையும் சொல்லிவைக்கலாம். தவறு செய்துவிட்டோமே என்று தமக்குக் கூச்சமே இல்லை என்றும், அரைகுறை எண்ணங்களையும் வெளியே சொல்லிவிடுவது வழக்கம் என்றும், அதனால் வேறு யாராவது சிந்தித்து முன்னேறினால் போதும் என்றும் அவரே ஹெவிசைடுக்கு எழுதியிருக்கிறார். ஒருவர் எதையும் கணக்குப் போட்டுச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதவர். மற்றவர் நெஞ்சில் தோன்றியதை அஞ்சலில் போட்டுவிடுபவர். நேரில் பேசுவதைவிடத் தாளில் பேசுவது ஹெவிசைடின் காதுக்கு வசதியாக இருந்திருக்கும் என்பதும் வெளிப்படை. எப்படியோ, லண்டனுக்கும் டப்ளினுக்கும் இடையே 1888 முதல் கடிதங்கள் போய்வந்தன.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். அசையாமல் நிற்கும் மின்னூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியுள்ள வெளியில் எந்த இடத்தில் வேறொரு மின்னூட்டத்தை வைத்தாலும் அது இழுக்கப்படும் அல்லது தள்ளப்படும். அந்தத் தயார்நிலையைத்தான் மின்புலம் என்கிறோம். புலத்தைப் படமாக வரைய விசைக்கோடுகளைப் பயன்படுத்துவது மைக்கேல் ஃபாரடே தொடங்கிவைத்த வழக்கம். கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் விசை வலிது, விலகியிருக்கும் இடத்தில் மெலிது. கடம்பம்பூவைப் பார்த்தவர்களுக்கு நிற்கும் மின்னூட்டத்தின் படத்தை விளக்க வேண்டியதே இல்லை: நடுவில் ஓர் உருண்டை, அதிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகக் குத்திட்டு நிற்கும் மெல்லிய ஊசிகள். பூவை எப்படித் திருப்பினாலும் ஒரே தோற்றம்தான்.

இப்போது அந்த மின்னூட்டம் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் நகரத் தொடங்கிவிட்டது என்று கொள்வோம். அது கடந்துபோகும் வழியோரத்தில் ஓர் இடத்தில் நாம் நின்றுகொண்டு பார்த்தால், மின்னூட்டம் நெருங்க நெருங்க அங்கே மின்புலம் கூடுகிறது, விலக விலகக் குறைகிறது. அதாவது மின்புலம் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டிருக்கிறது. மாறும் மின்புலம் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும் என்பது மேக்ஸ்வெல் சேர்த்த விதி. அப்படித் தோன்றிய காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருப்பதால், அது தன் பங்குக்கு ஒரு மின்புலத்தைத் தோற்றுவிக்கிறது. இது ஃபாரடே கண்டறிந்த விதி. இந்தப் புதிய மின்புலம் பழையதோடு சேரும்போது, சில இடங்களில் கூட்டுகிறது, சில இடங்களில் கழிக்கிறது. எல்லாம் கூட்டிக் கழித்த பிறகு மிச்சமாக நிற்கும் புலம் எந்த வடிவத்தில் இருக்கும்? ஜே. ஜே. தாம்சன் 1881இலேயே இந்தக் கேள்வியைத் தொட்டிருந்தார். ஒளிவேகம் வரையிலான எல்லா வேகங்களுக்கும் பொருந்தும் சரியான விடையை 1888 இறுதியில் எழுதியவர் ஹெவிசைடு.

விடை இதுதான். கோடுகள் இப்போதும் மின்னூட்டத்திலிருந்தே நேராகப் புறப்படுகின்றன, அவற்றின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஆனால் முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருந்த ஊசிகள் அங்கிருந்து விலகி, பூவின் இடுப்பைச் சுற்றி நெருக்கமாகக் குவிந்துவிடுகின்றன. எனவே நகரும் திசையில் புலம் மெலிகிறது, பக்கவாட்டில் வலுக்கிறது. எவ்வளவு என்று பார்க்க, மின்னூட்டத்தின் வேகம் ஒளிவேகத்தில் 0.6 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 0.6இன் இருமடியை 1இலிருந்து கழித்தால் 0.64, அதன் வர்க்கமூலம் 0.8. ஒரே தொலைவில் நின்று அளந்தால், நேர் முன்னால் உள்ள புலம் பழைய மதிப்பில் 0.64 பங்காகக் குறைந்திருக்கும். நேர் பக்கத்தில் உள்ளது 1.25 மடங்காகக் கூடியிருக்கும், அதாவது 0.8ஆல் வகுத்தால் வருவது. வேகம் ஒளிவேகத்தை நெருங்க நெருங்க, ஊசிகள் அத்தனையும் இடுப்பில் ஒரு மெல்லிய தட்டாகச் சேர்ந்துவிடும். உருண்டைப் புலம் தட்டையாகிறது என்பதுதான் இதன் சாரம், இந்த 0.8 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டையாதல் எவ்வளவு துல்லியமானது என்பதைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த செர்ல் என்ற ஹெவிசைடின் நண்பர் 1890களில் காட்டினார். நிற்கும் புள்ளி மின்னூட்டம் ஒன்றின் புலத்தையும், மின்னேற்றப்பட்ட உலோக உருண்டை ஒன்றின் வெளிப்புறப் புலத்தையும் பிரித்தறிய முடியாது. நகரும்போது அந்தப் பொருத்தம் கெட்டுவிடுகிறது. நகரும் புள்ளி மின்னூட்டத்துக்கு ஈடாக வைக்க வேண்டியது உருண்டையை அல்ல, நகரும் திசையில் நசுங்கிய நீள்கோளத்தை. அது எந்த அளவுக்கு நசுங்கியிருக்க வேண்டும்? ஒளிவேகத்தில் 0.6 பங்கு வேகத்தில், சரியாக 0.8 பங்கு. அதற்கு ‘ஹெவிசைடு நீள்கோளம்’ என்று செர்ல் பெயரிட்டார்.

ஒளியை முந்தினால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஹெவிசைடு விட்டுவிடவில்லை. அப்போது மின்னூட்டத்துக்கு முன்னால் எந்தக் கலக்கமும் இருக்காது என்றும், விரைந்து செல்லும் படகுக்குப் பின்னால் நீரில் விரியும் அலைபோல, கூம்பு வடிவ அலை ஒன்று பின்னால் விரிந்து செல்லும் என்றும் கணக்கிட்டார். வெற்றிடத்தில் இது நடக்காது. ஆனால் தண்ணீருக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர்தான் போகிறது. அதைவிட வேகமாக எலக்ட்ரானால் போக முடியும். அணு உலைத் தொட்டிகளில் நீலமாக ஒளிரும் வெளிச்சம் அந்தக் கூம்பலைதான். 1934இல் சோவியத் இயற்பியலாளர் செரன்கோவ் அதைச் சோதனையில் கண்டறிந்தபோது ஹெவிசைடு இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘அப்படி நடக்கக் கூடுமா?’ என்ற பிட்ஸ்ஜெரால்டின் கேள்விக்கு வெற்றிடத்தில் முடியாது, தண்ணீரில் முடியும் என்று இரண்டு விடைகள் இருந்தது அவ்விருவருக்கும் தெரியாது.

இங்கே, முன்பு சொன்ன மைக்கேல்சன், மோர்லியின் அமெரிக்கச் சோதனை உள்ளே வருகிறது. அந்தக் காலத்து இயற்பியலாளர்கள், ஒலிக்குக் காற்று ஊடகமாக இருப்பதுபோல ஒளிக்கும் ஓர் ஊடகம் இருக்க வேண்டும் என்று நம்பினார்கள். அதன் பெயர் ஈதர். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், அது ஈதரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அந்த ‘ஈதர்க் காற்று’ ஒளியின் பயணத்தில் தடம் பதிக்க வேண்டும். அதைப் பிடிக்க 1887இல் கிளீவ்லாந்தில் மைக்கேல்சனும் மோர்லியும் பாதரசத்தில் மிதக்கும் மணற்பாறைப் பலகை ஒன்றின் மேல் ஆடிகளைப் பொருத்தினார்கள். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அனுப்பித் திரும்ப வரவழைத்து, எது முதலில் வருகிறது என்று பார்ப்பதுதான் ஏற்பாடு.

இதை ஆற்றில் நீந்துபவர்களை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆறு நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நீந்துபவர்கள் இருவரும் அசையாத நீரில் நிமிடத்துக்கு 50 மீட்டர் நீந்தக்கூடியவர்கள். முதலாமவர் நீரோட்டத்தை எதிர்த்து 100 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும். இரண்டாமவர் 100 மீட்டர் அகலமுள்ள ஆற்றைக் குறுக்கே கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். முதலாமவருக்கு எதிர்நீச்சலில் 50இலிருந்து 30 போக 20தான் மிச்சம், எனவே போக 5 நிமிடம். வரும்போது 80 கிடைப்பதால் ஒன்றேகால் நிமிடம். ஆக மொத்தம் ஆறேகால் நிமிடம். இரண்டாமவர் நீர் அடித்துக்கொண்டு போகாதபடி சற்றுச் சாய்வாக எதிர்த்து நீந்த வேண்டியிருப்பதால், குறுக்கே அவருக்குக் கிடைக்கும் வேகம் 40. போக இரண்டரை, வர இரண்டரை, மொத்தம் 5 நிமிடம். ஆக, குறுக்கே போனவர்தான் முதலில் கரையேறுவார். ஒளிக்கற்றைகளும் அப்படியே வித்தியாசம் காட்டியிருக்க வேண்டும். பலகையைத் திருப்பத் திருப்ப, இரு கற்றைகளும் சேரும் இடத்தில் ஒளியும் இருளுமாகத் தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகள் ஒரு பட்டையின் அகலத்தில் சுமார் 0.4 பங்கு நகரும் என்று எதிர்பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியான நகர்வு எதுவுமே இல்லை. இரண்டு கற்றைகளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

1889 வசந்த காலத்தில் பிட்ஸ்ஜெரால்டு லிவர்பூலுக்குப் போய், அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த நண்பர் ஆலிவர் லாட்ஜின் படிப்பறையில் உட்கார்ந்து இந்தப் புதிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்று லாட்ஜ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆற்றுக் கணக்கை மறுபடியும் பாருங்கள். நீரோட்டத்தின் திசையில் இருக்கும் 100 மீட்டர், எப்படியோ 80 மீட்டராகச் சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போக 80ஐ 20ஆல் வகுத்தால் 4 நிமிடம், வர 80ஐ 80ஆல் வகுத்தால் 1 நிமிடம், மொத்தம் 5. இரண்டு நீச்சல்காரர்களும் ஒரே நேரத்தில் வந்துசேர்கிறார்கள். நீரோட்டத்தின் வேகம் நீச்சல் வேகத்தில் 0.6 பங்கு என்பதையும், தேவைப்பட்ட சுருக்கம் 0.8 என்பதையும் கவனித்தீர்களானால், ஹெவிசைடின் தட்டையான புலத்தில் பார்த்த எண்ணே இங்கும் வந்து நிற்பது தெரியும்.

இது தற்செயலா? பிட்ஸ்ஜெரால்டு தற்செயல் என்று நினைக்கவில்லை. ஒரு மரக்கட்டையோ மணற்பாறையோ தன் நீளத்தில் நிலைத்து நிற்பதற்குக் காரணம், அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் ஒரு சமநிலையில் நிற்பதுதான். அந்த விசைகளும் மின்விசையைப் போன்றவைதான் என்றால், பாறை நகரும்போது அவையும் ஹெவிசைடு காட்டியபடியே மாற வேண்டும். விசைகள் மாறினால் மூலக்கூறுகள் புதிய இடைவெளிகளில் போய் நிற்க வேண்டும். இடைவெளிகள் மாறினால் பாறையின் நீளம் மாறத்தான் வேண்டும். இந்த வாதத்தை அவர் 1889 மே 2 அன்று டப்ளினிலிருந்து அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழுக்கு ஒரே பத்தியில் கடிதமாக எழுதினார். பொருள்களின் நீளம், ஒளிவேகத்தோடு ஒப்பிட்ட அவற்றின் வேகத்தின் இருமடியைப் பொறுத்து மாறுகிறது என்பதுதான் ஏறக்குறைய மிஞ்சியிருக்கும் ஒரே விளக்கம் என்றும், மின்விசைகள் நகர்வினால் மாறுகின்றன என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் மூலக்கூறு விசைகளும் மாறும் என்று கொள்வது பொருந்தாத ஊகமல்ல என்றும் அதில் சொல்கிறார். துல்லியமான சூத்திரத்தை அவர் அங்கே தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் பேசுவது யாருடைய கணக்கு என்பது பிப்ரவரிக் கடிதத்தைப் படித்தவர்களுக்கு விளங்கும். அதனால்தான் ஒட்டுப்போட்ட யோசனை என்ற பட்டம் எனக்கு உறுத்துகிறது.

சுருக்கத்தின் அளவு எத்தனை சிறியது என்பதையும் பார்த்துவிடலாம். பூமியின் வேகம் ஒளிவேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன் இருமடி பத்துக் கோடியில் ஒரு பங்கு. சுருக்கம் அதிலும் பாதி. ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர் விட்டமுள்ள பூமி முழுவதுமே சுமார் ஆறரை சென்டிமீட்டர்தான் சுருங்கும். மைக்கேல்சன் கருவியில் ஒளி சென்ற 11 மீட்டர் பாதையில் அது ஒரு மீட்டரின் நூறு கோடிப் பங்குகளில் 55. மஞ்சள் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதை ஓர் அளவுகோலை வைத்துச் சரிபார்க்கலாமே என்று தோன்றினால், அளவுகோலும் மூலக்கூறுகளால் ஆனதுதான். பாறையோடு பக்கத்தில் வைத்தால் அதுவும் அதே பங்கு சுருங்கிவிடும்.

இந்த எண்ணத்துக்குக் கிடைத்த வரவேற்பு மிகச் சாதாரணம். லாட்ஜ் தம் கட்டுரைகளில் ஓரிரு வரி குறிப்பிட்டார். வேறு யாரும் பொருட்படுத்தவில்லை. நெதர்லாந்தின் லெய்டனில் இருந்த ஹெண்ட்ரிக் லொரென்ஸ் 1892இல் தாமாகவே இதே முடிவுக்கு வந்துசேர்ந்தார். லாட்ஜின் கட்டுரையில் பிட்ஸ்ஜெரால்டின் பெயரைக் கண்ட அவர், முந்தியவருக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும் என்ற நேர்மையோடு, இதை எங்காவது வெளியிட்டிருக்கிறீர்களா என்று 1894 நவம்பரில் டப்ளினுக்கு எழுதிக் கேட்டார். நான்கே நாளில் பதில் எழுதிய பிட்ஸ்ஜெரால்டு, மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிவருவதாகவும், உங்களைப் போன்ற ஒருவர் ஒத்துக்கொள்வது பெருமகிழ்ச்சி தருவதாகவும், ஏனென்றால் இந்தக் கருத்துக்காக இங்கே தம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள் என்றும் எழுதினார். ‘சயின்ஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் அனுப்பியது நினைவிருக்கிறது, ஆனால் அவர்கள் அதை அச்சிட்டார்களா என்பது தெரியாது என்றும் சேர்த்திருந்தார். அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில் லொரென்ஸ் அவர் பெயரைக் குறிப்பிட்டார். சுருக்கத்துக்கு இருவர் பெயரும் சேர்ந்து நிலைத்துவிட்டது.

இன்றைய இயற்பியல் நீளக் குறுக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது, ஈதரை மட்டும் வெளியேற்றிவிட்டது. ஐன்ஸ்டைன் 1905இல், ஒருவருக்கொருவர் சார்பாக நகரும் இருவர் காலத்தையும் தொலைவையும் எப்படி அளக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி இதே 0.8ஐப் பெற்றார். சுருங்குவது பொருளின் மூலக்கூறுகளுக்கு ஈதர் தரும் நெருக்கடியால் அன்று. யார் நிற்கிறார், யார் நகர்கிறார் என்பதே பார்ப்பவரைப் பொறுத்தது என்பதால், என் அளவுகோல் உமக்கும் உம் அளவுகோல் எனக்கும் குறுகியே தெரியும். ஆனாலும் நகரும் மின்னூட்டத்தின் புலத்தை இன்று சார்பியல் வழியாகக் கணக்கிடும் மாணவர், விடையாகப் பெறுவது ஹெவிசைடு 1888இல் எழுதிய சூத்திரத்தைத்தான்.

பிட்ஸ்ஜெரால்டு 1901 பிப்ரவரியில், 49 வயதில் இறந்துபோனார். அவருடைய ‘சயின்ஸ்’ கடிதத்தை இயற்பியல் வரலாற்றாசிரியர் ஸ்டீபன் பிரஷ் தேடிக் கண்டுபிடித்து 1967இல் வெளியிட்டபோதுதான், அவர் தெரிந்துகொள்ளாமலே போன விஷயம் உலகுக்குத் தெரிந்தது: இதழ் அதை 1889 மே 17 அன்று, அனுப்பிய பதினைந்தாம் நாளிலேயே, 390ஆம் பக்கத்தில் அச்சிட்டிருந்தது.